கடவத்தை: சொல் விளக்கம்

கண்டி நகரை உள்ளடக்கிய பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் சிங்களத்தில் ‘கடவத் சதர’ என்றும் ஆங்கிலத்தில் ‘ஃபோர் கிரவெட்ஸ்’ என்றும் வரும் தொடரை, மலையகத் தமிழர் பலரும் படிவங்களில் கண்டிருந்தும் அதன் பொருளைக் கேட்பதில்லை. சிங்களத்தில் ‘கடவத்த’ என்பது நாட்டுக்கோ நகருக்கோ நுழையும் வழியில் அமைந்த காவல் வாயிலாகும். அதுவே ஐரோப்பியர் நாவில் ‘கிரவெட்’ எனத் திரிந்தது. நான்கு பக்கக் காவல்களுக்கும் உட்பட்ட நகர்ப்புறமே கடவத் சதர.

இச்சொல் பிறந்த சூழலை அறியக் கடுகண்ணாவைக்கு அருகிலுள்ள பலனை என்னும் சிற்றூரே போதும். ‘பலன’ என்றால் பார்க்கின்ற என்று பொருள். கீழ்நாட்டிலிருந்து ஏறி வரும் படையை அங்கிருந்தே கண்டுகொள்ளலாம். 1603இல் போர்த்துக்கேயத் தளபதி அசவேதுவின் படை பலனை வரை வந்தும் நிலைகொள்ள இயலாமல் பின்வாங்கியது. பின்னர் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் வந்தனர். 1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை எல்லை முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருந்தது.

அந்தக் காவல்கள் எவ்வாறு இயங்கின என்பதை, 1660 முதல் 1679 வரை கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ் எழுதி வைத்துள்ளார். வழியை அடைத்து முட்கதவு நின்றது. கடந்து செல்பவர் களிமண்ணில் பதித்த முத்திரையைக் காட்ட வேண்டும்: போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய உருவம், கூலியாளுக்குக் காவுதடியில் இரு பைகள் சுமந்த உருவம், வெள்ளையனுக்குத் தொப்பியும் வாளும் கொண்ட உருவம். எழுத்தறியாக் காவலனும் ஆளை அடையாளம் காண இதைவிட எளிய வழி இருந்திருக்குமா என்பது ஐயமே. நாம் இன்று பாஸ்போர்ட்டுக்கு வழங்கும் ‘கடவுச்சீட்டு’ என்னும் சொல் அந்த மண் முத்திரைக்கும் அப்படியே பொருந்தும்.

தமிழில் கடவு, கடவை ஆகியன வழியைக் குறிப்பவை. யாழ்ப்பாணத்தார் வளவு வாயிலைக் கடப்படி என்பர். ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு சிங்களச் சொல்லுக்கும் இவற்றுக்கும் ஒரே வேர் என்று துணிய வேண்டியதில்லை. பொருள் பொருந்துவது போதும். திருகோணமலைப் பிரிவின் பெயரில் கிரவெட்ஸ் என்பதைச் ‘சூழல்’ என்று பெயர்த்துள்ளனர். பரப்பைச் சொல்ல அது தவறன்று; ஆனால் வாயிலும் காவலும் அதில் மறைந்துவிட்டன. கடவை எனத் தனியே எழுதினால் பாதசாரிக் கடவையே நினைவுக்கு வருமாதலால், வரலாறு எழுதுவோர் ‘காவற்கடவை’ என்றும், கடவத் சதரவுக்கு ‘நாற்கடவை’ என்றும் எழுதலாம். கொழும்பு–கண்டி வீதியிலுள்ள கடவத்தை நகரின் பெயரை மட்டும், அது ஊர்ப்பெயராகிவிட்டமையால், மொழிபெயர்க்கக் கூடாது.