பாட்டின் டெம்போ, ஸ்கேல்: தேடியதும் வரும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

ஒரு பாப் பாட்டின் பெயரைத் தேடினால் "148 பிபிஎம், சி மேஜர்" என்று நொடியில் விவரம் வந்துவிடுகிறது: நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகமும் (டெம்போ), பாட்டு எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைத்து நடக்கிறது என்பதும் (ஸ்கேல்). அதை வைத்தே கரோக்கி டிராக் தயாராகிறது, மேடைப் பயிற்சியும் நடக்கிறது. அந்த எண்களில் பெரும்பாலானவை யாரும் காதால் கேட்டு எழுதியவை அல்ல, மென்பொருள் கணித்தவை. அது தவறுகிறது ஏறக்குறைய எப்போதும் அதே சில இடங்களில்தான். தெரிந்துகொண்டால் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

முதலில் டெம்போ. 74-ஐ 148 என்றும் 148-ஐ 74 என்றும் காட்டுவது சாதாரணம். தாளம் காட்டும் கிளிக் ஒலி இரண்டிலும் பொருந்திவிடும். டிரம்ஸ் எழுதும்போதும் டிலே (எதிரொலி) நேரம் வைக்கும்போதும்தான் கோளாறு தெரியும். நான்கு நான்காக எண்ணும் 4/4 பாட்டில் ஸ்னேர் டிரம் இரண்டாவது, நான்காவது தட்டில் விழும்படி எண்ணிப் பாருங்கள். அந்த வேகத்தையே வாசிப்பவர்கள் எல்லோரிடமும் சொல்லுங்கள். 6/8 பாட்டில் சிக்கல் பெரிது. மூன்று மூன்றாக ஓடும் 60 பிபிஎம் பாட்டை 90 என்று காட்டினால் கிளிக் பாட்டோடு ஒட்டவே ஒட்டாது.

கையால் எண்ணும்போது முதல் தட்டை "பூஜ்யம்" என்று தொடங்குங்கள். "ஒன்று" என்று தொடங்கி 15 நொடிக்கு எண்ணினால் 120 பாட்டு 124 ஆகிவிடும். 32 தட்டுக்கு எத்தனை நொடி என்று பார்த்து, 1920-ஐ (32 × 60) அந்த நொடியால் வகுப்பது இன்னும் துல்லியம். 15.5 நொடி என்றால் சுமார் 124. கிளிக் இல்லாமல் வாசித்த பழைய பதிவுகளில் முதல் சரணத்தையும் கடைசிக் கோரஸையும் தனித்தனியாக அளந்தே ஆக வேண்டும்.

ஸ்கேலில் வரும் குழப்பம் இதைவிட ஆழமானது. சி மேஜருக்கும் ஏ மைனருக்கும் அதே ஏழு ஸ்வரங்கள். எந்த ஸ்வரம் வருகிறது என்பதை மென்பொருள் நன்றாகவே கண்டுபிடிக்கும். பாட்டு எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் தடுமாறும். கோரஸின் கடைசி வரியில் பேஸ் (கீழ்ஸ்தாயி வாசிப்பு) எந்த ஸ்வரத்தில் இறங்குகிறது என்று கேளுங்கள். அதற்கு முந்தைய கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) இ மேஜராக இருந்து ஜி ஷார்ப் காதில் விழுந்தால் ஏ மைனர் என்று துணிந்து சொல்லலாம். சி-யா ஜி-யா என்ற சந்தேகத்துக்கு ஒரே ஸ்வரம் போதும்: எஃப் வந்தால் சி மேஜர், எஃப் ஷார்ப் வந்தால் ஜி மேஜர்.

டிஜேக்கள் பயன்படுத்தும், ஸ்கேலை எண்ணும் எழுத்துமாகக் காட்டும் கேமலாட் குறியீட்டைப் பார்த்து ஏமாறுபவர்களும் உண்டு. அதில் ஏ என்றால் மைனர், பி என்றால் மேஜர், அவ்வளவுதான். 5ஏ என்பது சி மைனர். அதை ஏ ஸ்கேல் என்று எடுத்துக்கொண்டு பயிற்சி செய்தால் உழைப்பு வீண்.

பாட்டு கீபோர்டின் எந்தக் கட்டைக்கும் சேராமல் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நின்றால் கீபோர்டைக் குறை சொல்ல வேண்டாம். டேப் வேகம் மாறிய பழைய பதிவாக இருக்கலாம், வேகம் கூட்டிப் பதிவேற்றியதாகவும் இருக்கலாம். சுமார் 6 சதவீதம் வேகம் கூட்டினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், அதாவது ஒரு செமிடோன். அதனால் அசல் பதிவையே அளவுகோலாக வையுங்கள்.

இத்தனையும் சரிபார்த்த பிறகும், அசல் ஸ்கேல் அந்தப் பாடகரின் குரலுக்கு ஏற்றது, உங்கள் குரலுக்கு அல்ல. அதில்தான் பாடுவேன் என்று பிடிவாதம் பிடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொள்வது வேதனையான விஷயம். பாட்டின் உச்ச ஸ்வரம், நீங்கள் சிரமமில்லாமல் தொடும் உச்சத்துக்கு ஒரு முழுக்கட்டையாவது கீழே இருக்கட்டும். மாற்றும்போது கணக்கில் கவனம் தேவை. 2 கட்டையிலிருந்து (டி) 4 கட்டைக்குப் (எஃப்) போக 4 செமிடோன் என்று பட்டனை அழுத்துகிறார்கள். 3-க்கும் 4-க்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது, ஆகவே 3 செமிடோன்தான். கரோக்கி டிராக்கை இரண்டு செமிடோன்வரை தைரியமாக நகர்த்தலாம். அதற்கு மேல் போகப் போக டிரம்ஸின் ஒலி மாறும், பின்னணிக் குரல்கள் செயற்கையாகக் கேட்கும். புதிதாக வாசித்துப் பதிவு செய்வதே நல்லது.

ஸ்கேலை முடிவு செய்யும் முன் பாட்டைக் கடைசிவரை கேளுங்கள். பல பாப் பாட்டுகளில் கடைசிக் கோரஸ் அரைக்கட்டையோ ஒரு கட்டையோ மேலே ஏறும். அந்தக் கோரஸை மட்டும் மூன்று முறை தொடர்ந்து பாடிப் பாருங்கள். மூன்றாவது முறை தொண்டை இறுகினால் மொத்தப் பாட்டையும் அரைக்கட்டை இறக்கிவிடுங்கள்.