அந்தக் கறுப்புக் கல்லுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார். சிவப்புத் துணி சுற்றி, சந்தனம் குங்குமம் இட்ட கல். "விண்கல் தம்பி. உள்ளே இரிடியம் இருக்கிறதாம். சென்னையிலிருந்து ஆள் வந்து பார்த்து, எழுதியே கொடுத்துவிட்டார்கள். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மீதிப் பணத்தைக் கட்டிவிடுவேன்" என்றார். மகளின் நகையை அடகு வைத்து, 'பரிசோதனைக் கட்டணம்' என்று ஏற்கெனவே இரண்டு லட்சம் கொடுத்தாயிற்று.

துணியைப் பிரித்தேன். மேல்பக்கம் கறுப்பாக, கண்ணாடி போல வழவழப்பு. உடைந்த ஓரத்தில் மிளகு அளவுக் குழிகள். அடியில் வெந்து சிவந்த களிமண் ஒட்டியிருந்தது. இரும்புக்கிட்டம். இரும்பு உருக்கிய பழைய உலையின் கசடு. தாமிரபரணிச் சீமையில் இரும்பு நேற்று வந்ததல்ல. ஆதிச்சநல்லூர் தாழிகளிலேயே இரும்புக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. பழைய உலைக்களம் இருந்த இடத்தில் ஏர் ஓட்டினால் கிட்டம் வரத்தான் செய்யும். இதையே சுத்தி செய்து மண்டூரம் என்று சித்த மருந்தில் சேர்க்கிறார்கள். ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று பாளையங்கோட்டை நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். கோடி கேட்க மாட்டார்கள்.

நான் ஆழ்துளைக் கிணற்றுக்கு நீர்மட்டம் பார்த்துச் சொல்லும் நிலவியலாளன். கல்லுக்குச் சான்று கொடுப்பது என் வேலையல்ல. ஆனாலும் கல்லோடு வருகிறவர்கள் குறையவில்லை. கிட்டம், சார்னோகைட் என்ற கரும்பாறையின் சரளை, உவரிக் கடற்கரையின் கறுமணல் இறுகிய கட்டி, உயர் அழுத்த மின்கம்பத்தடியில் மின்சாரம் கசிந்து மண்ணே உருகி இறுகிய கறுப்புக் கண்ணாடி என்று எல்லாம் பார்த்தாயிற்று. கல்தான் மாறுகிறது, கூடவே வரும் கதை மாறுவதில்லை. தீப்பிழம்பாக விழுந்தது, வைக்கோல் படப்பு எரிந்தது, கையில் எடுத்தால் சுட்டது.

எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது இந்த 'சுட்டது'தான். தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் குறுங்கோள்களின் உடைசல்தான் நம்மிடம் வந்து விழும் விண்கற்களில் பெரும்பாலானவை. கோடிக்கணக்கான ஆண்டுகள் வெட்டவெளிக் குளிரில் கிடந்த கல். காற்று மண்டலத்துக்குள் நொடிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் நுழையும்போது அதன் மேல்தோல் உருகுகிறது. உருகியது அப்போதைக்கப்போதே வழிந்து, தெறித்து, தன் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. சில நொடிகளுக்குள் இத்தனையும் முடிந்துவிடுவதால் சூடு உள்ளே இறங்க நேரமே இல்லை. பெரும்பாலும் தரைக்கு மேல் இருபது கிலோமீட்டர் உயரத்திலேயே வேகம் செத்து, வெளிச்சமும் அணைந்துவிடுகிறது. அதன்பின் மாடியிலிருந்து போட்ட கல்லைப் போலத்தான் விழுகிறது. அதுவும் சில நிமிட நேரம், உறைகுளிர்க் காற்றின் வழியாக. தரைக்கு வரும்போது வெதுவெதுப்பாக இருக்கலாம், சில்லென்றும் இருக்கலாம். படப்பைக் கொளுத்த அதனால் ஆகாது. படப்பு எரிந்தது என்றால் பீடித் துண்டையோ மின்கம்பியையோ தேடுங்கள்.

'பக்கத்துத் தோப்பில்தான் விழுந்தது, கண்ணால் பார்த்தேன்' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தென்னந்தோப்புக்குப் பின்னால் இறங்கியதாகத் தெரியும் எரிகல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மன்னார் வளைகுடாவுக்கு மேலே எரிந்ததாக இருக்கலாம். ஓடிப்போய்த் தோப்பில் தேடினால் கறுப்பாக ஏதாவது கிடைக்கும். கிடைக்காமல் எங்கே போகும்?

2016 பிப்ரவரியில் வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் ஒருவர் இறந்தபோது, விண்கல் விழுந்தது என்றே அறிவித்தார்கள். படங்களைப் பார்த்த நாசா நிபுணர்கள், தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்றார்கள். முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்தார்கள் என்று தெரியவில்லை.

அடுத்தது இரிடியம் என்ற உலோகம். பூமியின் மேலோட்டில் இரிடியம் மிக அரிது, விண்கல்லில் அதைவிட அதிகம் என்பது உண்மைதான். 1980இல் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் ஆல்வரெஸும் அவர் மகன் வால்டரும் பழைய களிமண் அடுக்கு ஒன்றில் இரிடியம் கூடுதலாக இருப்பதைப் பார்த்துத்தான், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பத்துக் கிலோமீட்டர் அகலக் குறுங்கோள் ஒன்று மோதி டைனோசர்களின் கதை முடிந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். மோசடிக்காரர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வார்கள். அந்த 'அதிகம்' எவ்வளவு? ஒரு டன் விண்கல்லில் ஏறத்தாழ அரை கிராம். உங்கள் பையில் உள்ள ஒரு கிலோ கல் நிஜமாகவே விண்கல்லாக இருந்தால்கூட அரை மில்லிகிராம். இரிடியம் அரிசியை இழுக்கும், டார்ச் விளக்கை அணைக்கும் என்று அவர்கள் செய்துகாட்டுவதெல்லாம் வித்தை. இயற்கையில் கிடைக்கும் இரிடியத்துக்குக் கதிரியக்கமும் கிடையாது. அதைச் சோதிக்க வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வருகிறவர் விஞ்ஞானி அல்ல.

இப்போது புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. "ஐந்து கிராம் கல்லுக்காக ஜப்பான் எத்தனை கோடி செலவழித்தது, பார்த்தீர்களா?" பார்த்தேன். ஹயபுசா-2 விண்கலம் 2020 டிசம்பரில் ரியுகு என்ற குறுங்கோளிலிருந்து 5.4 கிராம் கொண்டுவந்தது. 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கலம் பென்னு என்ற இன்னொரு குறுங்கோளிலிருந்து 121.6 கிராம் கொண்டுவந்தது. செலவெல்லாம் போய்வந்ததற்கு. நம் காற்றும் மழையும் படாத, சூரியக் குடும்பம் உருவான காலத்துச் சரக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது. வயல் வரப்பில் பல ஐப்பசி மழை குடித்த கல்லை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

'வால்நட்சத்திரக் கல்' என்று சொல்லி விற்றால் இன்னும் மோசம். வால்நட்சத்திரம் பனிக்கட்டியும் தூசியும் கலந்தது. அதன் தூசி மணல் பருமன்தான். உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும்.

சரி, வீட்டில் ஏற்கெனவே ஒரு கல் இருக்கிறது, என்ன செய்வது? முதலில் குழிகளைப் பாருங்கள். நுரைத்தது போல உட்குழிகள் இருந்தால் பெரும்பாலும் கசடு. விண்கல்லில் அப்படி இருப்பது அபூர்வம். பழைய ஒலிபெருக்கியில் உள்ள காந்தத்தை நூலில் கட்டிக் கிட்டே கொண்டுபோங்கள். இழுக்கவில்லை என்றால் அநேகமாக விட்டுவிடலாம். இழுத்தால் உடனே குதிக்க வேண்டாம், கிட்டமும் இழுக்கும், மேக்னடைட் என்ற இரும்புத் தாதும் இழுக்கும். டைல்ஸின் பின்பக்கச் சொரசொரப்பில் தேய்த்துப் பாருங்கள். அழுத்தமான கறுப்புக் கோடோ செம்மண் நிறக் கோடோ விழுந்தால் அது இந்த மண்ணின் இரும்புத் தாதுதான்.

விழுந்ததை நிஜமாகவே பார்த்துக் கையோடு எடுத்த கல் என்றால், மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். முக்கியமாகக் காந்தத்தைக் கொண்டுபோகாதீர்கள். கல்லுக்குள் பதிந்திருக்கும் ஆதிகாலக் காந்தத் தடம் அழிந்துவிடும். கழுவக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, சந்தனமும் வேண்டாம். விழுந்த இடத்தைப் படம் எடுத்துவிட்டு, கல்லைச் சுத்தமான உறையில் போட்டு, வட்டாட்சியருக்கும் சென்னையில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அலுவலகத்துக்கும் தகவல் சொல்லுங்கள். நாட்டில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு அந்தத் துறையுடையது. 2008 செப்டம்பரில் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள கல் நிஜமாகவே விழுந்தது. தமிழ்நாட்டில் விழாமல் இல்லை.

இன்னொன்று. வானத்தில் பகல் போல வெளிச்சம் அடித்தால் ஜன்னலோரம் போய் நிற்காதீர்கள். 2013இல் ரஷ்யாவின் செல்யபின்ஸ்க் நகருக்கு மேலே இருபது மீட்டர் அகலக் கல் வெடித்தபோது, அதிர்வலை ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் தரைக்கு வந்தது. வேடிக்கை பார்க்க ஜன்னலுக்கு வந்தவர்கள் முகத்தில் கண்ணாடி தெறித்தது. சுமார் 1,500 பேர் சிகிச்சைக்குப் போனார்கள்.

நம் மாநிலத்துக்கும் குறுங்கோளுக்கும் பெருமைப்படும்படி ஓர் உறவு வேண்டுமென்றால் காவலூர் வான் ஆய்வகத்தைச் சொல்லுங்கள். அங்குள்ள தொலைநோக்கியில் 1988இல் கண்டறிந்த குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எண் 4130. அதற்கு யாரும் முன்பணம் கேட்கவில்லை.

பணம் கொடுத்து ஏமாந்தவர்கள், ஊர் சிரிக்கும் என்று வீட்டுக்குள் உட்கார்ந்துவிடாதீர்கள். மீதியைக் கட்டினால் முதலாவது திரும்பும் என்று அவர்கள் சொல்வதையும் நம்பாதீர்கள். அடுத்த கட்டணத்துக்கு வேறொரு பெயர் தயாராக இருக்கும். வாட்ஸ்அப் செய்திகளையும் வங்கிச் சீட்டையும் அழிக்காமல் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். கோபத்தில் கல்லைக் கிணற்றில் போட்டுவிட வேண்டாம், போகும்போது அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.