நீர் வரவுசெலவு: சொல் விளக்கம்

ஒரு பாசனப் பள்ளத்தாக்கினுள் குறிப்பிட்ட காலத்தில் எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு வெளியேறியது, அணையிலும் மண்ணிலும் நிலத்தடியிலும் இருப்பு எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்று நேர்செய்து பார்ப்பதை நீரியலார் ‘வாட்டர் பட்ஜெட்’ என்பர். இலத்தீனில் தோல்பையைக் குறித்த ‘புல்கா’ பிரெஞ்சில் ‘பூஜ்’ ஆகி, சிறு பை எனப் பொருள்தரும் ‘பூஜெத்’ வழியாக ஆங்கிலத்தில் ‘பட்ஜெட்’ ஆயிற்று. பிரிட்டிஷ் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் கணக்கை முன்வைப்பதைப் ‘பையைத் திறத்தல்’ என்று 18ஆம் நூற்றாண்டில் சொல்லத் தொடங்கவே, பையின் பெயர் உள்ளிருந்த கணக்குக்கு வந்து சேர்ந்தது.

நாளிதழ்த் தமிழில் இது ‘வரவு செலவுத் திட்டம்’. இலங்கையில் ‘பாதீடு’ என்றும் வழங்கும். பாதீடு அருமையான பழஞ்சொல். கவர்ந்து வந்த ஆநிரையை மறவர் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதைத் தொல்காப்பியம் வெட்சித்திணையில் அச்சொல்லால் குறிக்கிறது. எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு நீர் என்று பங்கிடுவதற்கு அது பொருந்தும். ஓடிப்போன நீரைக் கணக்கிடுவதற்குப் பொருந்தாது. ‘திட்டம்’ என்பதும் வருங்காலத்தையே சுட்டுகிறது. ‘நீர்ச் சமநிலை’ என்போரும் உளர். ஆனால் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் இறங்கிவரும் பள்ளத்தாக்கில் கணக்கு நேராகுமே தவிர, சமநிலை ஏது? எனவே ‘நீர் வரவுசெலவு’ அல்லது ‘நீர் வரவுசெலவுக் கணக்கு’ என்பதே என் தேர்வு. வரவு, செலவு, இருப்பு என்னும் பேரேட்டுச் சொற்கள் மூன்றும் இங்கே மாற்றமின்றிப் பொருந்துகின்றன.

கொலராடோ மாநிலத்தில் பியூப்ளோ நகரிலிருந்து கான்சஸ் எல்லைவரை நீளும் ஆர்கன்சா ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கு இதற்குத் தக்க சான்று. கிணறுகளில் அளவுமீறி நீர் இறைத்ததால் கான்சஸுக்கு வரவேண்டிய நீர் குறைந்து, இரு மாநிலங்களுக்கும் இடையிலான ஆற்றுநீர் ஒப்பந்தம் மீறப்பட்டது என 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் கேள்விக்குள்ளானது நடந்து முடிந்த ஆண்டுகளின் கணக்கே. அங்கே ஆற்றின் ஓட்டத்தையும் வாய்க்கால் தலைமதகில் எடுக்கும் நீரையும் அளக்கலாம். பயிர் உறிஞ்சி ஆவியாக விடுவதை மதிப்பிடலாம். வயலில் பாய்ந்து, மண்ணுக்கடியில் கசிந்து ஆற்றுக்கே திரும்பும் நீரை நேரில் அளக்க வழியில்லாததால், மற்றவற்றைக் கழித்துக் கிடைக்கும் மீதியையே அதன் அளவாகக் கொள்கிறார்கள். பிற அளவீடுகளின் பிழைகளெல்லாம் அந்த மீதியில்தான் வந்து சேரும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் ‘நன்று’ எனத் தரம்பிரிக்கும் ஓட்டப் பதிவிலேயே 10 விழுக்காடு வரை பிழைக்கு இடமுண்டு. மீதி சிறிதாக இருந்தால் அப்பிழை அதையே விழுங்கிவிடும்.

இதைச் சரிபார்க்க உதவும் இரண்டாவது பேரேடு உப்பு. நீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. ‘சலினிட்டி’ என்பது உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழில் ‘உவர்மை’ என்க. அறுசுவையில் ஒன்றான உவர்ப்பும் உவர்நிலமும் இதே சொல்லின் கிளைகள். ‘களர்’ என்பதை இங்கே கலக்கலாகாது; வேளாண் வழக்கில் கரையும் உப்பு மிகுந்தது உவர்மண், சோடியம் மிகுந்து இறுகியது களர்மண்.

ஆர்கன்சாவின் உவர்மை பியூப்ளோ அருகே லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். கான்சஸ் எல்லையை நெருங்கும்போது அது 4,000 மில்லிகிராம் அளவுக்கு ஏறிவிடுகிறது. இதை வைத்து உப்பும் அத்தனை மடங்கு சேர்ந்தது என்று முடிவுகட்டக் கூடாது. செறிவை ஓட்டத்தால் பெருக்கினால்தான் உப்புச்சுமை தெரியும்: லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள நீர் நொடிக்கு 10 கனமீட்டர் ஓடினால் நாளொன்றுக்கு 864 டன் உப்பு போகிறது. வாய்க்கால்கள் எடுத்துச்சென்றதையும் சேர்த்துப் பார்க்கையில் சுமை மாறாமல் செறிவு மட்டும் ஏறியிருந்தால், பயிர் நீரைக் குடித்து உப்பை விட்டுவைத்தது எனலாம். சுமையும் ஏறியிருந்தால், பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் பழங்கடல் களிப்பாறையிலிருந்து கசிவுநீர் உப்பைக் கரைத்து வருகிறது.

உவர்மையை நாள்தோறும் யாரும் ஆய்வகத்தில் காய்ச்சி எடைபோடுவதில்லை. ஆற்றில் பொருத்திய கருவி, கரைந்த உப்புக்கேற்பக் கூடும் மின்கடத்துத்திறனை அளக்கிறது. சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமன்ஸ் என்னும் அந்த எண்ணை 0.64ஆல் பெருக்கி லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மாற்றுவது பொது வழக்கம். ஆனால் ஆர்கன்சா நீரில் ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட் கனிமம் கரைந்து சல்பேட் மிகுந்திருப்பதால் பெருக்கெண்ணும் கூடும். அங்கேயே எடுத்த மாதிரிகளைக் கொண்டு அதைத் திருத்திக்கொள்ளாவிட்டால், உப்புக் கணக்கில் ஆண்டு முழுவதும் துண்டு விழும்.