சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிரியும்போது: வீடு யார் பெயரில் இருக்கிறது?

திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிரிய முடிவெடுத்து ஆலோசனைக்கு வரும்போது, பெரும்பாலும் முதலில் கேட்பது விவாகரத்து வாங்க வேண்டுமா என்பதைத்தான். வேண்டியதில்லை. ஆனால் நீதிமன்றப் படி ஏறாமலே பிரிந்துவிடலாம் என்று ஆறுதல் கொள்பவர்கள், மணமானவர்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்புகள் பலவும் தங்களுக்கு இல்லை என்பதைத் தாமதமாகவே உணர்கிறார்கள்.

பெண்ணுக்கு உள்ள முக்கியமான பிடிமானம், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். திருமணத்தை ஒத்த உறவில் வாழ்ந்த பெண்ணும் அதன்கீழ் நீதித்துறை நடுவரிடம் மனு செய்து, பராமரிப்புத் தொகையும் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் அச்சட்டத்தின்படி வன்முறைதான். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் மனு செய்யலாம். ஆண் இச்சட்டத்தின்கீழ் நிவாரணம் கேட்க முடியாது.

எது திருமணத்தை ஒத்த உறவு என்பதைக் கோவைக் குடும்ப நல நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் விளக்கியது. இருவரும் ஊரறியக் கணவன் மனைவி போல வாழ்ந்திருக்க வேண்டும். திருமண வயது நிரம்பி, வேறு திருமணம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். விருப்பத்தோடு கணிசமான காலம் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். வார இறுதிகளை மட்டும் சேர்ந்து கழித்தது போதாது. ஒருவர் ஏற்கெனவே மணமானவர் என்று தெரிந்தே அவரோடு வாழ்ந்த பெண்ணுக்கு 2013இல் அதே நீதிமன்றம் நிவாரணம் மறுத்தது.

இவற்றை நிரூபிக்கச் செல்ஃபிகளைவிடச் சாதாரணக் காகிதங்களே உதவுகின்றன. இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம் ஒன்று. அறுவை சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதிப் போட்ட கையெழுத்து இன்னொன்று.

சொத்துதான் பலரும் ஏமாறும் இடம். ஒருவர் மாதத் தவணை கட்ட, கிரயப் பத்திரம் மற்றவர் பெயரில் இருக்கும். ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடை செய்வது பினாமிச் சட்டம்; கணவன் தன் வருமானத்தில் மனைவி பெயரில் வாங்கினால் அது விலக்களிக்கிறது. சேர்ந்து வாழ்பவர் அச்சட்டத்தின் கண்ணில் வாழ்க்கைத்துணை அல்லர் என்பதால், பணம் போட்டது நான், எனவே வீடு எனது என்று வழக்குப் போட்டால் அச்சட்டத்தின் 4ஆம் பிரிவே குறுக்கே நிற்கும். நகையை அடகு வைத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த ஒரு பெண், அடகுச் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கொண்டுவந்தார். பணம் அனுப்பியபோது குறிப்பில் 'ஹவுஸ்' என்று மட்டும் எழுதியிருந்தார். அது கடன் என்று அவர் சொல்ல, அன்பளிப்பு என்று மறுதரப்பு வாதிட்டது. கடன் என்று வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி இருந்திருந்தால் நிலைமை வேறு. கடனைக் கேட்பதற்கும் பொதுவாக மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு.

திருமண வாக்குறுதியைத் தொடக்கத்திலிருந்தே நிறைவேற்றும் எண்ணமின்றிக் கொடுத்து உடலுறவு கொள்வது, பாரதிய நியாய சன்ஹிதா என்னும் இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். உறவு முறிந்தது என்பதால் மட்டும் அது குற்றமாகிவிடாது. பணத்தை மீட்க இந்தப் புகாரை நெம்புகோலாக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

குழந்தை இருந்தால், பெற்றோர் மணமாகாதவர்கள் என்பது அதன் பராமரிப்பு உரிமையைப் பாதிக்காது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்த இவ்வுரிமை, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் உள்ளது. இந்துக்களைப் பொறுத்தவரை, இத்தகைய குழந்தைக்குத் தாயே முதல் இயற்கைக் காப்பாளர், தந்தை அடுத்துத்தான்.

முத்திரைத் தாளில் பிரிவு ஒப்பந்தம் எழுதிக்கொள்வது பரவலான வழக்கம். வாடகை அட்வான்ஸ் யாருக்கு, வண்டிக் கடனை யார் கட்டுவது, நகை எப்போது திரும்ப வரும் என்பவற்றைத் தேதியோடு எழுதினால் அது பயன்படும். குழந்தைக்கு இனிப் பணம் கேட்க மாட்டேன் என்று தாய் அதில் எழுதிக் கையெழுத்திட்டாலும், அந்த வரி குழந்தையைக் கட்டுப்படுத்தாது.