நெஞ்சு வலிக்கும்போது செலவுக் கணக்கு

நெஞ்சு வலியோடு வீட்டிலேயே இருந்துவிட்டுத் தாமதமாக வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். ஐம்பது வயது இருக்கும். நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றி வைத்ததுபோல் வலி தொடங்கியது வியாழன் இரவு. எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தது சனிக்கிழமை காலை. அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயைத் திறப்பதன் முழுப் பலன் முதல் சில மணி நேரத்தில்தான் கிடைக்கும். 12 மணி நேரம் தாண்டிவிட்டால் காப்பாற்றுவதற்கு இதயத் தசை அதிகம் மிஞ்சியிருக்காது. இவர் முப்பது மணி நேரத்துக்கு மேல் வீட்டில் படுத்திருந்தார்.

"வாயுப் பிடிப்பு என்று நினைத்துவிட்டீர்களா அம்மா?" என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

"இல்லை டாக்டர். நெஞ்சுதான் என்று அவருக்கே சந்தேகம். எவ்வளவு பில் வருமோ என்று பயந்துகொண்டு, விடியட்டும் பார்க்கலாம் என்றார். அப்புறம் மறுநாளும் அதையே சொன்னார்."

பிழைத்துவிட்டார். ஆனால் அந்த இதயம் இனி பழைய இதயம் இல்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும்.

அன்று மாலை, மருத்துவத்தை அரசு உத்தரவாதம் தரும் உரிமையாக்கலாமா என்று ஒரு பேச்சு. நன்றாகப் படித்த, நல்ல மனம் கொண்ட ஒருவர் சொன்னார்: "இலவசமாக்கினால் தும்மலுக்கும் வந்து நிற்பார்கள். கொஞ்சமாவது காசு கட்ட வைத்தால்தான் தேவைப்பட்டவர் மட்டும் வருவார்." பல வருடங்களாகக் கேட்டுவரும் வாதம்தான். அன்று காலையில் அந்த மனிதரைப் பார்த்துவிட்டு வந்ததால் என்னால் பொறுக்க முடியவில்லை.

கட்டணத்துக்கு நோயைத் தெரியாது. அது கையில் காசு இருப்பவரை உள்ளே விடும், இல்லாதவரைத் தள்ளிப்போட வைக்கும், அவ்வளவுதான். தேவைப்பட்டவர் மட்டும் வருவார் என்கிறீர்களே, தனக்குத் தேவையா இல்லையா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நெஞ்சு வலி என்றால் வயிற்று அமிலமாக இருக்கலாம், தசைப்பிடிப்பாக இருக்கலாம், நுரையீரலில் ரத்தக்கட்டியாக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். இசிஜியும், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் பரிசோதனையும் இல்லாமல் நானே உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் சொல்லத் தயங்குவதை, வலியில் துடிப்பவர் பர்ஸைத் திறந்து பார்த்து முடிவு செய்ய வேண்டுமாம்.

இது என் கோபம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1970-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் ஒரு காப்பீட்டுப் பரிசோதனை நடத்தியது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசமும் மற்றவர்களுக்குச் செலவில் ஒரு பங்கும் என்று வைத்தார்கள். பங்கு கட்டியவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது, அது உண்மை. ஆனால் தேவையற்ற சிகிச்சை எவ்வளவு குறைந்ததோ, ஏறக்குறைய அதே அளவுக்குப் பலன் தரும் சிகிச்சையும் குறைந்தது. சராசரி ஆளின் உடல்நிலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் வருமானம் குறைந்தவர்களில் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு, இலவசப் பிரிவில்தான் அது நன்றாகக் கட்டுக்குள் வந்தது. எங்கள் படுக்கைக்கு வந்து சேர்பவர் பெரும்பாலும் அந்தச் சராசரி ஆள் அல்ல, வருமானம் குறைந்த இந்த நோயாளிதான்.

சரி, தும்மலுக்கு வருபவரை என்ன செய்வது? வாசலில், யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று பிரித்து அனுப்பும் டிரையாஜ் செவிலியர் நாடி பார்த்து, நாலு கேள்வி கேட்டு, சில நிமிடங்களில் அவரை ஓரமாக உட்கார வைத்துவிடுவார். அதற்காகவே பயிற்சி பெற்றவர் அவர். ஆனால் வீட்டிலேயே இருந்துவிட்டவரை அவர் எப்படிப் பார்ப்பார்? இன்னொன்று, அவசரப் பிரிவுகள் பிதுங்கி வழிவதற்கு முக்கியக் காரணம் தும்மல்காரர்கள் இல்லை. அட்மிஷன் போட்ட நோயாளிக்கு மேலே வார்டில் படுக்கை கிடைக்காமல், அவர் எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பதுதான் காரணம். இந்தத் துறையில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அடுத்த பயம்: உரிமை என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் எல்லாமும் கொடுத்து அரசு திவாலாகும் என்பது. தென்னாப்பிரிக்காவின் அரசியல் சட்டத்திலேயே மருத்துவ சேவை பெறும் உரிமை இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் தொடர் டயாலிசிஸ் கேட்டு 1997-இல் அங்குள்ள அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போனார். இருக்கும் கருவிகளும் பணமும் போதாது, யாருக்கு என்பதற்கு நியாயமான விதிமுறை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி நீதிமன்றம் மறுத்தது. படிக்கும்போது மனம் கனத்துப்போகும் தீர்ப்பு. அதே நீதிமன்றம் 2002-இல், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைச் சில இடங்களில் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த அரசை, அந்தக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது. அரசால் கொடுக்க முடிந்த மருந்து, கொடுக்காததற்குச் சரியான காரணம் இல்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அரசை நிறுத்திக் கேட்கும் இடம் ஒன்று இருந்ததால்தான் அந்தக் குழந்தைகளுக்கு மருந்து போனது. உரிமை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

தாய்லாந்து 2002-இல் அனைவருக்குமான மருத்துவத் திட்டத்தை நாடு முழுக்க விரித்தபோது அது பணக்கார நாடு இல்லை. டயாலிசிஸ் அந்தப் பட்டியலில் அப்போது கிடையாது, 2008-இல்தான் சேர்த்தார்கள். முடிந்ததில் தொடங்கினார்கள்.

மாறாக, அமெரிக்காவின் 1986 சட்டத்தைப் பாருங்கள். அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பணம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு காக்க வைக்கக்கூடாது, பரிசோதித்து ஆபத்து நிலையிலிருந்து மீட்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அப்புறம் பில் வரும், அன்றாட மாத்திரைக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. ரத்த அழுத்த மாத்திரைக்கு வழியில்லாதவர், பக்கவாதம் வந்த பிறகு உள்ளே வரலாம் என்று ஆகிறது. உத்தரவாதத்தை அவசரப் பிரிவு வாசலில் மட்டும் வைத்தால் உயிரும் போகும், செலவும் கூடும்.

எதிர்த் தரப்பில் எனக்கு உறுத்தும் வாதம் ஒன்று உண்டு: காத்திருப்பு. அரசு உறுதி கொடுக்கும், வரிசையும் கொடுக்கும். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005-இல் கியூபெக் மாகாணத்து வழக்கு ஒன்றில், காத்திருப்புப் பட்டியலில் இடம் கிடைப்பது சிகிச்சை கிடைப்பதாகாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னது. இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் உரிமை பற்றிப் பேசுபவர்களிடம் கேட்கிறேன்: எந்தெந்தச் சிகிச்சை, எத்தனை நாளுக்குள், யார் பணத்தில், கிடைக்காவிட்டால் யாரிடம் முறையிடுவது? இந்த நாலுக்கும் பதில் இல்லாத வாக்குறுதிக்குக் கை தட்டாதீர்கள்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை செய்ய வேண்டியவை. நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை துவள்வது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று சொல்லாதீர்கள். பில்லுக்குத் தவணை கேட்கலாம், செத்த தசைக்குக் கேட்க முடியாது. இன்சுலினை மிச்சம் பிடிக்காதீர்கள், முதல் வகை நீரிழிவுக்காரர் அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. உங்கள் நாட்டுச் சட்டமும் திட்டமும் எதை உறுதி செய்கின்றன என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து எழுதி வையுங்கள்.

மருந்து வாங்க முடியவில்லை என்றால் தயவுசெய்து எங்களிடம் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். அதே மருந்து குறைந்த விலையில் வேறு பெயரில் இருக்கலாம், அளவையும் வேளையையும் மாற்றி எழுதலாம். சக மருத்துவர்களே, இது நமக்கும்தான். சீட்டு எழுதும்போது "இதை வாங்க முடியுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நானும் பல வருடம் கேட்காமலேயே எழுதியவன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்த அம்மா மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "டாக்டர், கை இறுக்கமானால் இதில் எதை முதலில் நிறுத்தலாம்?" என்றார். எதையும் நிறுத்தக்கூடாது என்று சொன்னேன். சீட்டைத் திரும்ப வாங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் விலையையும் கேட்டு, இரண்டை மாற்றி எழுதினேன். மூன்றாவதற்கு மாற்று கிடைக்கவில்லை. சமூகப் பணியாளரிடம் பேசியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.