பவுண்டரி வயலேஷன்: வரம்பு மீறல்

மருத்துவரோ செவிலியரோ மனநல ஆலோசகரோ, தொழில் தந்த இடத்தை வைத்து நோயாளியிடம் சிகிச்சைக்கு அப்பாற்பட்ட ஆதாயம் தேடினால் அது 'பவுண்டரி வயலேஷன்'. தமிழில் 'வரம்பு மீறல்' எனலாம். பாலியல் நடத்தைதான் சட்டென்று நினைவுக்கு வரும். நோயாளியிடம் கடன் வாங்குவதும், உயிலில் தன் பெயரை எழுத வைப்பதும் இதில் சேரும்.

'பவுண்டரி' இடைக்கால இலத்தீனில் எல்லைக் குறியைச் சுட்டிய சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'வயலேஷன்' இலத்தீன் 'வியோலாரே'. வன்மையால் கெடுத்தல் என்று பொருள். தடை மிகப் பழையது: நோயாளி அடிமையானாலும் அவர் உடலைத் தவறாகப் பயன்படுத்த மாட்டேன் என்கிறது ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழி. பெயர்தான் புதிது. 1993இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தாமஸ் குத்தைல், கிளென் கப்பார்ட் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலாக வேரூன்றியது. கேடில்லாத 'கிராஸிங்' வேறு, கேடு செய்யும் 'வயலேஷன்' வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். வழுக்கி விழப்போன நோயாளியைத் தாங்கிப் பிடிப்பது முன்னது. அதற்கு 'வரம்பு தாண்டல்' பொருந்தும். 'வரம்பு கடத்தல்' என்றால் போலீஸ் செய்தி ஆகிவிடும்!

ஏன் 'எல்லை மீறல்' இல்லை? எல்லை என்றதும் நாளிதழ் வாசகருக்குக் கடலும் மீனவர் கைதும்தான் வரும். வரம்பு அப்படியில்லை. வயல் வரப்பும் அந்தச் சொல்தான்; "வரம்பு மீறிப் பேசாதே" என்று வீட்டில் அதட்டுவதும் அந்தச் சொல்தான்.

செய்திகளில் புழங்கும் 'தகாத உறவு', 'கள்ளக்காதல்' இரண்டும் இங்கே அறவே பொருந்தாதவை. பழியை இருவருக்கும் பங்கு போடுகின்றன. பரிசோதனை மேசையில் உடை தளர்த்திப் படுத்திருப்பவர் ஒருவர். அவர் உடலும் வீட்டு ரகசியமும் தெரிந்தவர் மற்றவர். இந்த ஏற்றத்தாழ்வில் நோயாளி இசைந்தார் என்பது மருத்துவருக்குக் கேடயம் ஆகாது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் 7.4ஆம் விதியும் தொழில்நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதையே குற்றமாக்குகிறது. ஆனால் அதன் தலைப்பிலேயே 'அடல்ட்ரி' என்று எழுதி வைத்திருப்பது பொருத்தமில்லை. மணவாழ்க்கைத் துரோகம் இங்கே பிரச்சினையே இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் அதைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

தண்டனைச் சொற்களிலும் குழப்பம் உண்டு. 'டாக்டர் சஸ்பெண்ட்' என்று படித்ததும் கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது அரசு வேலையிலிருந்து பணியிடை நீக்கம் மட்டுமே. பணிநீக்கமே செய்தாலும், சொந்த கிளினிக் நடத்தத் தடையில்லை. தொழிலையே நிறுத்துவது மாநில மருத்துவ கவுன்சில் பதிவேட்டிலிருந்து 'பெயர் நீக்கம்'. பேச்சுவழக்கில் 'ரெஜிஸ்ட்ரேஷன் கேன்சல்'. குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். நீக்கியதை உள்ளூர்ப் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும் என்றும் அதே 2002 விதிகள் சொல்கின்றன. தண்டிக்கப்பட்ட மருத்துவர் 60 நாளுக்குள், இந்திய மருத்துவ கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம். செவிலியர் மீதான புகார் மருத்துவ கவுன்சிலுக்கு வராது. அவர்களுக்குப் பதிவேடும் கவுன்சிலும் தனி.