ஹெலிகாப்டரை எங்கே வெட்டுவது?

ஹெலிகாப்டர் என்ற சொல்லை இரண்டாக உடைக்கச் சொன்னால் ‘ஹெலி’, ‘காப்டர்’ என்றுதான் யாரும் உடைப்பார்கள். ஆனால் சொல்லின் ஒட்டு அங்கே இல்லை. கிரேக்கத்தில் ‘ஹெலிக்ஸ்’ என்றால் சுருள், ‘ப்டெரான்’ என்றால் இறக்கை. பொருள்படி பிரித்தால் ‘ஹெலிகோ’, ‘ப்டர்’.

ஆங்கிலக் காது இதை ஏற்காது. ஆங்கிலத்தில் எந்த அசையும் ‘ப்ட்’ என்று தொடங்குவதில்லை. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே மெய்கள் கூட்டமாக வந்தால், சொல்லின் தொடக்கத்தில் எவை சேர்ந்து நிற்க முடியுமோ அவைதான் பொதுவாக அடுத்த அசைக்குப் போகும். மிச்சம் முந்தைய அசையோடு தங்கிவிடும். அதனால்தான் ஹெ-லி-காப்-டர். டெரோடாக்டைல் என்ற பழங்காலப் பறக்கும் ஊர்வனவின் பெயரிலும் இதே இறக்கைதான். அங்கே ‘ப்’ ஸ்பெல்லிங்கில் இருக்கும், வாயில் வராது. வேடிக்கை என்னவென்றால், காது போட்ட வெட்டே கடைசியில் நிலைத்துவிட்டது: தனியாக நிற்கும் ‘காப்டர்’, அப்புறம் ‘ஹெலிபேட்’ எல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

சரி, அசை ஒரு கணக்கு, பொருள் இன்னொரு கணக்கு. மூன்றாவது கணக்கான அழுத்தம், அதாவது எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்பதுதான் ஆங்கிலம் கற்பவர்களை அதிகம் படுத்துவது. ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையில் அழுத்தம் பெறும். ‘ஃபடாக்ரஃபி’ ஆனதும் அது இரண்டாம் அசைக்குப் போகும். ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவதுக்கு. அழுத்தம் விலகிய அசையில் உயிரொலி பெரும்பாலும் தேய்ந்து மங்கலான ‘அ’ ஆகிவிடும். ஸ்பெல்லிங் மட்டும் பொருளைப் பிடித்துக்கொண்டு மாறாமல் நிற்கும். ‘இக்’, ‘ஷன்’ போன்ற ஈறுகள் அழுத்தத்தைத் தமக்கு முந்தைய அசைக்கு இழுப்பவை. லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தவை. ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கான ‘நெஸ்’, ‘ஃபுல்’ எங்கே ஒட்டினாலும் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வரி முடிவில் சொல்லை உடைக்கும் கணினிக்கு இந்த மூன்றுமே தெரியாது. டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள், ஃபிராங்க் லியாங் 1983இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வேட்டில் விளக்கிய முறைப்படி, எழுத்து வரிசைகளை மட்டும் பார்த்தே வெட்டும். பெரும்பாலும் சரியாகவே வெட்டும். சிக்கல் ‘ப்ரெசென்ட்’ போன்ற சொற்களில்தான். பரிசு என்ற பொருளில் அழுத்தம் முதல் அசையில். வழங்கு என்றால் இரண்டாவதில். முன்னதில் நடுவிலுள்ள ‘எஸ்’ எழுத்தை முதல் அசையோடு சேர்த்து வெட்ட வேண்டும், பின்னதில் இரண்டாவதோடு. இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே என்பதால், அந்தச் சொல்லை உடைக்கவே கூடாது என்று டெக்கின் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.